சூரியன் மகளுக்குக் காது குத்து

ஏய் நாச்சியா, கால ஆட்டாத. ஆட்டுனா கதை கிடையாது. வெளிய கத்திரி வெயிலு கொளுத்துது, இப்ப ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சாத்தான் சாயங்காலம் கோயிலுக்குப் போயி பந்தல் போடுறதப் பாக்கலாம். நாளைக்குக் காலையில உனக்குக் காது குத்து. என் மடியிலதான் உக்காரப் போற. நீ என்னன்னா இப்பமே ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுப் படுத்திருக்க. அப்புறம் நான் சொல்றது எப்புடிக் கேக்கும்? கைய எடுறீ கழுதை.

ஆங். உங்க ஆச்சி மாதிரி எனக்கு ராகம் போட்டெல்லாம் சொல்ல வராது. பஸ்ஸு ஓட்டுறவனுக்கு ஹாரன் அடிக்கத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு கதை. அதுவும் ஒரு தாய்மாமன் கதை. அதுல மாமன்தான் பெரிய ஆளு, முன்னாடியே சொல்லிட்டேன். கேட்டுட்டு உங்கப்பாட்ட போயி வத்தி வைக்கக் கூடாது. நடுவுல நடுவுல “ம்” சொல்லணும். “ம்” வரலன்னா நீ தூங்கிட்டன்னு நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன். சரியா?

“ம்.”

ஒரு ஊர்ல ஒரு வீடு. அந்த வீட்டுக்குக் கதவு கிடையாது, சன்னல் கிடையாது, கூரையும் கிடையாது. என்னா கூரை போட்டாலும் பத்திக்கிரும். ஏன்னா அது சூரியனாரு வீடு. சூரியனாருன்னா யாரு, நம்ம மேல இருக்காருல்ல, உன்னைய வெளையாட விடாம வீட்டுக்குள்ள அடைச்சு வச்சிருக்காரே, அவருதான். ஆளு நல்ல ஓங்குதாங்கா, மூஞ்சியில அப்புடி ஒரு வெளிச்சம். யாராலயும் நேருக்கு நேரு பாக்க முடியாது. அவருக்கும் அதுல ஒரே பெருமை. காலையில டாண்ணு வருவாரு, சாயங்காலம் டாண்ணு போவாரு. ஒருநாள் லீவு போட்டதில்ல.

அப்புறம் அவரு சம்சாரம், பேரு செவ்வந்தி. எப்பப் பாரு செவப்புச் சீலைதான். ஒல்லியா, புருசன ஒட்டியே நிப்பாங்க. அப்புறம் அவங்களுக்கு ஒரே ஒரு பொண்ணு, பேரு சுடர்க்கொடி. அது வீட்டுக்குள்ள நிக்கவே நிக்காது. எந்நேரமும் வாசல்ல, அதுக்கும் அங்கிட்டு, ரொம்பத் தொலைவுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். வெள்ளை வெளேர்னு தலைமுடி. அதப் பின்னவும் விடாது, கட்டவும் விடாது. நாலாபக்கமும் விரிஞ்சு பறக்கும். யாரு மாதிரி? சரி சரி, நான் பேரு சொல்லல.

இப்பக் கேளு, இதுதான் வேடிக்கை. நம்ம வீட்டுல அடுப்புப் பக்கத்துல நின்னாச் சுடும், தள்ளிப் போனா சூடு கொறையும், இல்லையா? அந்த வீட்டுல அப்புடி இல்ல. அப்பா மேல ஆறாயிரம் டிகிரி சூடு. அவரத் தாண்டி அம்மா, அவங்க அதுக்கும் மேல. அதையும் தாண்டி வெளிய நிக்கிற இந்தச் சுண்டைக்கா இருக்கே, அது பத்து லட்சம் டிகிரி! அடுப்ப விட்டுத் தள்ளிப் போகப் போக சூடு ஏறுனா எப்புடி? பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்க எல்லாம் இன்னும் தலையச் சொறிஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா மாமனுக்குத் தெரியும்.

“ஏன்?”

கோவம்டீ. வேற என்ன? அம்புட்டும் கோவம்.

ஏன் கோவம்னா, அந்தப் பொண்ண யாருமே பாத்ததில்ல. அப்பா மூஞ்சி வெளிச்சத்துல பக்கத்துல இருக்குற பொண்ணு தெரியவே தெரியாது. கீழ ஊர்ல ஒருத்தர் கேக்குறாரு, “சூரியனுக்குப் பொண்ணு இருக்காமே?” இன்னொருத்தர் சொல்றாரு, “போய்யா, இருந்தாத் தெரியாதா?” இதக் கேட்டா யாருக்குத்தான் எரியாது? அப்பாவுக்காவது தெரியுமான்னா, அதுவும் கிடையாது. அவரு வெளிச்சம் அவரு கண்ணையே கூச வச்சிரும். பொண்ணு பக்கத்துல ஓடுறது காதுல விழும், தலைமுடி வந்து மேல படும், அம்புட்டுத்தான். ம் சொல்லு.

“ம்.”

அப்போ ஒருநாள் சுடர்க்கொடி வந்து கேட்டுச்சு. “அப்பா, எனக்கு எப்பக் காது குத்துவீங்க? வியாழனுக்குக் குத்தியாச்சு, சனிக்குக் காதுல மட்டுமில்ல, இடுப்பச் சுத்தி வளையமே போட்டாச்சு. எனக்கு மட்டும் மூளிக் காது.”

அப்பா தொண்டையக் கனைச்சாரு. ம்ஹ்ம். பேச்ச மாத்துனாரு. ஏன்னு கேளு. காது குத்தணும்னா தாய்மாமன் மடி வேணும்ல? அந்தப் பொண்ணுக்குத் தாய்மாமன் இருக்காரு. செவ்வந்திக்குக் கூடப் பொறந்த தம்பி, அம்புலி. ராத்திரி வருவாருல்ல, குண்டா, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, மூஞ்சியில ரெண்டு கறுப்புத் திட்டோட. என்னைய மாதிரியா? என்னைய விட அழகுன்னு வையி. ஆனா அப்பாவுக்கும் மாமனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருத்தரு வந்தா ஒருத்தரு எந்திரிச்சுப் போயிருவாரு.

என்ன சண்டைன்னா, கல்யாணத்துல வந்த சண்டை. மச்சினன் வந்து மாப்பிள்ளைக்கு மோதிரம் போடணும். எல்லாரும் பந்தல்ல காத்துக்கிட்டு இருக்காங்க. அம்புலியக் காணோம். அம்புலிட்ட ஒரு கெட்ட பழக்கம், ஒவ்வொரு நாளும் முந்துன நாள விட அம்பது நிமிசம் லேட்டா வருவாரு. சூரியனாரோ டாண்ணு நிக்கிற ஆளு. அப்புறம் ஒருவழியா அம்புலி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு தப்பு தப்புன்னு ஓடி வர்றாரு. சூரியனாருக்கு வந்துச்சே ஆத்திரம்! அம்புட்டுப் பேரு முன்னால, “என்னடா பெரிய மனுசன் மாதிரி வெள்ளையும் சொள்ளையுமா வர்ற? உன் மூஞ்சியில இருக்குற வெளிச்சமே என்னுது”ன்னு சொல்லிட்டாரு.

அம்புலி மோதிரத்த அக்கா கையில குடுத்தாரு. ஒரு வாய் தண்ணி குடிக்கல, திரும்பி நடந்துட்டாரு. அன்னைக்கு வாங்குன அடி, பாவம், பதினஞ்சு நாளாத் தேஞ்சு தேஞ்சு ஒண்ணுமில்லாமப் போனாரு. எனக்கே அழுகை வருது. நீ ஏன் சிரிக்கிற?

சரி, விட்ட எடத்துக்கு வருவோம். செவ்வந்தி சொன்னாங்க, “போயி என் தம்பியக் கூப்பிடுங்க. தாய்மாமன் இல்லாமக் காது குத்துனா ஊரு சிரிக்கும்.” சூரியனாரு முறுக்கிக்கிட்டாரு. “மடிதான வேணும்? ஊருல வேற மடியே இல்லையா? யாரு மடியா இருந்தா என்ன?” இந்தா பாரு, இம்புட்டுப் பெரிய ஆளு, இந்த ஒரு சங்கதியில ஏமாந்தாரு. ஊசி குத்தும்போது யாரு மடியில உக்காந்தாலும் ஒண்ணுதானா? நீயே சொல்லு.

“இல்ல.”

அதச் சொல்லு! அப்புறம் ஆசாரியக் கூப்பிட்டு விட்டாங்க. பக்கத்து வீட்டுப் புதன் ஆசாரிதான். குட்டையா, கறுப்பா, சூட்டுலயே பொறந்து வளந்தவரு. ஊசி, நூலு, சந்தனம் எல்லாம் எடுத்துக்கிட்டு வந்து சம்மணம் போட்டு உக்காந்தாரு.

மொதல்ல மடி குடுக்க வந்தவரு மேகத்துச் சித்தப்பா. கடகடகடன்னு தொந்தியக் குலுக்கிக்கிட்டு வந்தாரு. “நான் இருக்கேண்ணே, கவலைய விடுங்க”ன்னு சொல்லிட்டுப் பொத்துன்னு உக்காந்தாரு. உக்காந்தவரு அப்பாவையும் மறைச்சு, அம்மாவையும் மறைச்சு, பொண்ணையும் சேத்து மறைச்சுட்டாரு! ஒண்ணுமே தெரியல. ஆசாரி துழாவித் துழாவி, “காது இதுவா?”ன்னு கேக்குறாரு. “ஆசாரி, அது என் மூக்கு!”ன்னு கத்துறாரு சூரியனாரு. அப்புறம் சித்தப்பா வேர்த்து ஊத்தி, சலசலசலன்னு மழையாக் கொட்டி, ஆளே இல்லாமப் போயிட்டாரு. சுடர்க்கொடி “உஸ்ஸ்ஸ்”னு ஒரு பெருமூச்சு விட்டுச்சு. அந்தக் காத்து கெளம்பி நாலு நாளு நடந்து பூமி வரைக்கும் வந்துச்சு.

ரெண்டாவதா வால்நட்சத்திரத்துப் பெரியப்பா. எழுபது வருசத்துக்கு ஒருக்கா வர்ற சொந்தக்காரரு. வரும்போதே பந்தாவா, சொய்ய்ய்ங்னு வர்றாரு. “எம்மடியில உக்காருத்தா, எம்புட்டு ஊரு சுத்துனவன் நானு!” ஆனா அவரு உடம்பு பூராப் பனிக்கட்டி. கிட்ட வரவர சொட்டு சொட்டுன்னு உருக ஆரம்பிச்சுட்டாரு. பின்னால தொங்குன வாலு பயந்துபோயி இந்தப் பக்கம் திரும்பிருச்சு. வாலு முன்னால, ஆளு பின்னால, ஒரே ஓட்டம்! சுடர்க்கொடிக்கு வந்துச்சே கோவம், கையில இருந்த டம்ளரத் தூக்கி வீசுச்சு. ணங்! அது வந்து விழுந்ததுல வடக்க, பனி பெய்யிற நாட்டுல, வானம் பூராப் பச்சையும் செவப்புமா தெரச்சீலை மாதிரி ஆடுச்சு. அங்க இருக்குறவங்க எல்லாம் போத்திக்கிட்டு வெளிய வந்து, “ஆகா, என்னா அழகு”ன்னு வேடிக்கை பாக்குறாங்க. பிள்ளை அழுவுறது அவங்களுக்கு அழகா இருக்கு. ம்?

“ம்... அப்புறம்?”

அப்புறம் மூணாவது. சூரியனாருக்கு ரோசம் வந்துருச்சு. “எவனும் வேணாம். எம்பொண்ணு, எம்மடி”ன்னு அவரே உக்காந்துட்டாரு. சுடர்க்கொடி அப்பா மேல வந்து சாஞ்சுக்கிருச்சு. ஆசாரி ஊசிய எடுத்தாரு. எடுத்தவரு கண்ணு கூசி, ஒரு கைய நெத்திக்கு வச்சுப் பாக்குறாரு, தலையச் சாய்ச்சுப் பாக்குறாரு, கண்ண இடுக்கிப் பாக்குறாரு. அப்புறம் குத்து மதிப்பா... சுருக்! “ஐயோ அம்மா!” யாரு கத்துனது? ஆசாரிதான். அவரு கட்டைவிரல்லயே குத்திக்கிட்டாரு.

அப்போ ஆசாரி விரல வாயில வச்சுக்கிட்டே சொன்னாரு, “ஐயா, கோவிச்சுக்காதீங்க. நீங்க இருக்குற வரைக்கும் பாப்பா காது என் கண்ணுக்குத் தெரியாது.”

சுடர்க்கொடி எந்திரிச்சுப் போயி சோத்துத் தட்டத் தூக்கி ஒரே வீசு. டமார்! அன்னைக்குப் பூமியில செல்போனு அத்தனையும் கொர்ர்ர்ர்னு நின்னுபோச்சு, டிவி பூராப் புள்ளி புள்ளி, எம்புட்டோ ஊர்ல கரண்ட்டும் போச்சு. அதுக்கப்புறம் அது வாசல்ல ரொம்பத் தொலைவுல போயி உக்காந்துக்கிருச்சு. “எனக்குக் காதே வேணாம். நான்தான் இல்லையே, இல்லாத பிள்ளைக்கு என்னத்துக்குக் காது?”ன்னு சொல்லுச்சு.

சூரியனாருக்கு அந்தச் சொல்லு நெஞ்சுல தச்சுருச்சு. அத்தன வருசமா வெளிச்சம் வெளிச்சம்னு பீத்துனோமே, பெத்த பிள்ளை இருக்குறதையே அதுதான மறைச்சிருக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு. அன்னைக்குச் சோறு எறங்கல. சாயங்காலம் போகும்போது மூஞ்சி சிவந்து போயிருந்துச்சு. கேட்டா, கண்ணுல தூசின்னு சொன்னாரு.

அம்புலியப் போயிக் கூப்பிடலாம்னா எப்புடிப் போறது? இவரு போனா அவரு கெளம்பிருவாரே. ஆனா ஒரு விசயம் இருக்கு. மாசத்துக்கு ஒருநாள், அமாவாசை அன்னைக்கு, அம்புலி அந்த வீட்டு வழியாத்தான் போவாரு. அக்கா வீடாச்சே, பாசம் விடுமா? ஒரு மாசம் கொஞ்சம் மேல ஒதுங்கிப் போவாரு, ஒரு மாசம் கொஞ்சம் கீழ ஒதுங்கிப் போவாரு. தலைய நிமுத்திப் பாக்க மாட்டாரு, உள்ளயும் வர மாட்டாரு. பாக்காத மாதிரியே பாத்துட்டுப் போயிருவாரு.

அப்போ அந்த அமாவாசைக்கு சூரியனாரு தட்டுல வெத்தலை, பாக்கு, பூ, பழம் எல்லாம் வச்சு எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நின்னாரு. தட்ட எப்புடிப் புடிக்கிறதுன்னே தெரியல. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத கை, பாவம். அம்புலி வந்தாரு, சரக் சரக் சரக்னு செருப்புச் சத்தம்.

“மாப்ள.”

அம்புலி நிக்கல.

“மாப்ள, நில்லு. அன்னைக்குப் பந்தல்ல நான் பேசுனது தப்பு.”

அம்புலி நின்னாரு. ஆனா லேசுல விடுவாரா? மாமன்ல! “எது மச்சான்? நெறைய பேசுனீங்க.”

“உன் மூஞ்சி வெளிச்சம் என்னுதுன்னு சொன்னது.”

“அது நெசந்தான மச்சான்.”

“நெசமாவே இருந்தாலும் அம்புட்டுப் பேரு முன்னால சொல்லிருக்கக் கூடாது. எம்பொண்ணு காத ஒருத்தரும் பாத்ததில்ல மாப்ள. நானும் பாத்ததில்ல. நீ வந்து எனக்கு முன்னால உக்காந்தாத்தான் ஆசாரிக்குத் தெரியும்.”

அம்புலி யோசிச்சாரு. “நான் முன்னால உக்காந்தா நீங்க இருட்டாப் போயிருவீங்களே. பட்டப்பகல்ல. ஊரே பாக்கும்.”

“பாக்கட்டும்.”

“சூரியன் அணைஞ்சு போச்சும்பாங்க.”

“சொல்லட்டும் மாப்ள. நீ உள்ள வா.”

என்னடி, கண்ணு சொருகுது? காது குத்துறத மட்டும் கேட்டுட்டுத் தூங்கு.

“ம்...”

அப்புறம் அம்புலி வந்து சூரியனாருக்கு முன்னால மெதுவா, மெதுவா உக்காந்தாரு. அவரு சின்ன ஆளுதான். ஆனா கிட்ட வந்து உக்காந்தாருன்னா அம்புட்டுப் பெரிய அப்பாவும் அவரு முதுகுக்குப் பின்னால அடங்கிருவாரு. மாமன் ஒடம்புன்னா சும்மாவா? கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சம் கொறைஞ்சுச்சு. கோழி எல்லாம் கொக்கொக்னு கூட்டுக்குள்ள போயிருச்சு. மாடு வீட்டப் பாத்து நடந்துச்சு. காக்கா கத்திக்கிட்டே மரத்துக்குத் திரும்பிருச்சு. ஜில்லுன்னு ஒரு காத்து. மத்தியானத்துல நட்சத்திரம் மினுக்குச்சு. அப்புறம் கப்புன்னு இருட்டு.

அந்த இருட்டுலதான் ஊரு மொத மொதல்ல சுடர்க்கொடியப் பாத்துச்சு.

மாமன் மடியில உக்காந்திருக்கு. வெள்ளைத் தலைமுடி மாமனச் சுத்தி நாலாபக்கமும் நீளநீளமா விரிஞ்சு கெடக்கு. ஓரத்துல செவ்வந்தியோட செவப்புச் சீலைக் கரை மட்டும் கொஞ்சமாத் தெரியுது. கீழ எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க. அப்புறம் ஒரு கெழவி சொன்னாங்க, “அடி ஆத்தி, இவரு வீட்டுல இப்புடி ஒரு பிள்ளையா!” அது சுடர்க்கொடி காதுல விழுந்துச்சு. அதுக்கு அழுகை வந்துருச்சு, சிரிப்பும் வந்துருச்சு.

ஆசாரி விரல்ல துணியச் சுத்திக்கிட்டு, “சீக்கிரம், ரெண்டு நிமிசந்தான் இருக்கு”ன்னாரு. சந்தனம் தொட்டு வச்சாரு. ஊசிய எடுத்தாரு. சுருக்!

“வலிச்சுதா?”

முழிச்சுட்டியா? உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். வலிச்சுது. ஒரு நிமிசம் வலிச்சுது. அது மாமன் வேட்டியக் கெட்டியாப் புடிச்சுக்கிருச்சு, மாமன் அதக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. சத்தம் போட்டு அழுதது யாருன்னா, மாமன்தான். அதையும் நான் மறைக்கல.

அப்போ ஆசாரி கைய நீட்டுனாரு. “தோடு எங்க?”

எல்லாரும் மாமனப் பாத்தாங்க. தோடு எடுத்துக்கிட்டு வர வேண்டியது தாய்மாமன். அம்புலி வேட்டி மடியத் தடவுறாரு, இடுப்பத் தடவுறாரு, ஒண்ணுமில்ல. வெறுங்கையோட வந்திருக்காரு மனுசன்! தட்டோட கூப்பிட்டதும் நேரா உள்ள வந்தவரு, தோட்டுக்கு எங்க போவாரு? ஊரே பாக்குது. நேரம் வேற போயிக்கிட்டே இருக்கு.

அப்போ பின்னால இருந்து ஒரு கை மெதுவா வந்துச்சு. சூரியனாரு தன் வெளிச்சத்துல ஒரே ஒரு பொட்டக் கிள்ளி, யாருக்கும் தெரியாம மச்சினன் விலா ஓரமா நீட்டுனாரு. அம்புலி அத வாங்கி அந்தக் காதுல போட்டுவிட்டாரு.

பளிச்!

இருட்டுல அந்த ஒத்தத் தோடு மின்னுச்சு பாரு, கீழ எல்லாரும் ஓன்னு கத்திக் கைதட்டுனாங்க. “மாமன் போட்ட தோட்டப் பாருங்கடா! தாய்மாமன்னா இவருடா!” ஊரு பூராவும் அதே பேச்சு. பின்னால நின்ன சூரியனாரு வாயே தொறக்கல.

அதுக்குள்ள ரெண்டு நிமிசம் முடிஞ்சுபோச்சு, அம்புலி எந்திரிச்சுட்டாரு. பழையபடி வெளிச்சம் வந்துருச்சு, சேவலு ரெண்டாந்தடவையாக் கூவுச்சு. பொண்ணு மறுபடியும் மறைஞ்சுபோச்சு. இன்னொரு காதா? அதுக்கு நேரம் பத்தல. அடுத்த தடவை குத்தலாம்னாங்க, அதுக்குள்ள மொதக் காது ஓட்டை தூந்து மூடிப்போச்சு. மறுபடியும் மொதல்ல இருந்து. அதுக்குத்தான் சூரியனாரும் அம்புலியும் இன்னைக்கும் ஒரு ஊரு மேல இல்லாட்டி ஒரு ஊரு மேல அப்பப்ப கூடிக்கிட்டே இருக்காங்க. கோவம் போச்சான்னு கேக்குறியா? அதெல்லாம் போகல. பத்து லட்சத்துல ஒரு டிகிரி கூடக் கொறையல. கழுதை கழுதைதான்.

அம்புலி கெளம்பும்போது சூரியனாரு வாசல் வரைக்கும் கூட வந்தாரு. அப்புறம் மெதுவாக் கேட்டாரு.

“மாப்ள, எம்பொண்ணு எப்புடி இருந்தா?”

அம்புலி அப்புடியே நின்னுட்டாரு. அப்பத்தான் அவருக்கு ஒறைச்சுச்சு. ஊரு பூராவும் பாத்துச்சு, ஆசாரி பாத்தாரு, மாடு கன்னு கூடப் பாத்துச்சு. பெத்த அப்பன் மட்டும் மச்சினன் முதுகத்தான் பாத்துக்கிட்டு நின்னிருக்காரு.

அம்புலி சூரியனாரு கையப் புடிச்சுக்கிட்டாரு. “நெத்தி உங்க நெத்தி மச்சான். வீம்பும் உங்க வீம்பு. காது மட்டும் எங்க அக்கா காது, சின்னதா, மடிஞ்சு இருக்கு. சிரிச்சா எடது பக்கம் லேசாக் குழி விழுது.”

“குழி விழுதா?”ன்னு கேட்டாரு சூரியனாரு.

“விழுது மச்சான்.”

நாச்சியா? ஏய் நாச்சியா? “ம்” வரல.

கதையும் ஆச்சு, மாமன் தொண்டையும் காஞ்சாச்சு. தூங்குத்தா.